நாஷ்டாவுக்கு நான் அமுக்கிய பொத்தான்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் எங்கள் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கல்யாண மண்டபம் காலியாக இருந்தது. சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வந்து அதை ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டார்கள். வார்த்தை கண்டுபிடிக்கும் போட்டி. ஒருவர் குறிப்பு சொல்ல வேண்டும், ஜோடியாக நிற்பவர் அது என்ன வார்த்தை என்று சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் எடுக்கிறார்கள், ஜெயிக்கிற ஜோடிக்கு ஒரு ஸ்கூட்டர் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பக்கத்துக் கிராமத்து நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். அன்று மீன் வாங்கிக்கொண்டு மண்டபத்தைத் தாண்டிப் போனேன். அவ்வளவுதான். உள்ளேயிருந்து தெரிந்தவர் ஒருவர் ஓடிவந்து, "மேடம், ஒரு நிமிஷம் வாங்க, ரொம்ப அர்ஜென்ட்" என்று கூப்பிட்டார். நடுவராக உட்கார வேண்டிய ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்குக் காய்ச்சலாம். சாலவாக்கத்திலிருந்து கிளம்பவே முடியவில்லையாம். "லைப்ரரி மேடத்துக்குத் தமிழ் நல்லா தெரியும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீன் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒரு பெண்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். எந்தக் குறிப்பு செல்லும், எது செல்லாது என்று எட்டு விதிகள். வார்த்தையின் எந்தப் பகுதியையும் சொல்லக் கூடாது. கை, கால் ஜாடை கூடாது. எழுத்தைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் சரி. நான்காவது விதி, 'அதே பொருள் தரும் வேற்றுமொழிச் சொல்லைக் குறிப்பாகச் சொல்லக் கூடாது.' ஏழாவது விதி, 'மக்கள் பேச்சு வழக்கில் கலந்துவிட்ட சொற்கள் ஏற்கப்படும்.'

இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். "பேருந்துன்னு வார்த்தை வந்து, பஸ்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"அது தப்பு மேடம். இங்கிலீஷ் இல்லையா."

"ஆனா பஸ்ங்கறது பேச்சு வழக்குதானே? ஏழாவது விதிப்படி சரியாச்சே?"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "விளையாட ஆரம்பிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும் மேடம். தப்புன்னு தோணினா இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. யோசிக்காதீங்க, யோசிச்சா நிகழ்ச்சி படுத்துடும்" என்றார்.

அமுக்கிப் பார்த்தேன். மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. மண்டபமே சிரித்தது.

இறுதிச் சுற்றுக்கு இரண்டு ஜோடிகள் வந்திருந்தார்கள். ஒன்று, பெருநகர் என்ற கிராமத்துப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும். அவர் கழனி வேலைக்குப் போகிறவர். மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோடு வரைக்கும் தினமும் இருட்டில் நடக்கிறாளாம். அதற்காகவே ஸ்கூட்டர் வேண்டும் என்று அறிமுகத்தில் சொன்னாள். இன்னொரு ஜோடி, எங்கள் ஊர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணியும் நாத்தனாரும். நாத்தனார் செங்கல்பட்டில் படிக்கிறாள். தினமும் அண்ணன் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது. வண்டி கிடைத்தால் தானே போவேன் என்றாள். இரண்டு பேருடைய காரணத்தையும் கேட்டபோது, யார் ஜெயித்தாலும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

முதல் சுற்றில் ஆளுக்கு ஆறு வார்த்தை. பெரியவர் குறிப்பு சொன்னார். மகளுக்கு முதுகுப் பக்கம் திரையில் வார்த்தை வரும். அவருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். 'இட்லி' வந்தது. "வெள்ளையா கீது, ஆவில வேவுது, உனுக்கு நாலு, எனுக்கு ஆறு" என்றார். மகள் உடனே சொல்லிவிட்டாள். 'நிழல்' வந்தபோது, "வெயிலுக்கு மரத்தாண்ட ஒதுங்குவோமே, நெயலு!" என்றார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. நிழலைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்ததும் பொத்தானை அமுக்கினேன். "இன்னா மேடம்?" என்று திரும்பியவர், திரையைப் படித்துவிட்டு, "அட, அதயேதான் சொல்லிட்டேனா!" என்று தலையில் தட்டிக்கொண்டார். கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. 'தொல்லை' என்ற வார்த்தைக்கு அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஒரே பேஜாரு!" என்றார். மகள் "தொல்லை!" என்றாள். கைதட்டல். நானும் சிரித்தேன். மொத்தம் நாலு புள்ளி.

அடுத்து நாத்தனார் குறிப்பு சொன்னாள். 'யானை' வந்ததும் பாவம், வாயைத் திறப்பதற்கு முன்னால் கையைத் தும்பிக்கையாக நீட்டிவிட்டாள். அமுக்கினேன். இன்னொன்றை அண்ணியால் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கும் நாலு.

இரண்டாவது சுற்றில் குறிப்பு சொல்பவரும் கண்டுபிடிப்பவரும் இடம் மாற வேண்டும். அண்ணிதான் முதலில். நிதானமாகப் பேசும் பெண். தலையில் முக்காடு. வயது என்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம். மூன்று வார்த்தைகளைச் சுலபமாக முடித்துவிட்டாள். நாலாவது 'சிற்றுண்டி'.

"காலைல சாப்பிடறது. நாஷ்டா!" என்றாள்.

"சிற்றுண்டி!" என்று நாத்தனார் சொல்வதற்குள் என் கை பொத்தானில் இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. என்ன தப்பு என்று தெரியாதவள் பார்க்கும் பார்வை. நிகழ்ச்சியை நடத்திய தொகுப்பாளர் என்னிடம் காரணம் கேட்டார். "நாஷ்டா உருதுச் சொல். நான்காவது விதி" என்றேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது. மீதி இரண்டில் ஒன்று சரி. ஆக எட்டு.

பிறகு மகளின் முறை. அவளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் "நைனா" என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். "நைனா, ஏரில தண்ணி தொறந்து வுடறதுக்கு கீதே?" என்றாள். அவர் "மதகு" என்றார். "நைனா, அம்மா தலைல வச்சிக்கினு கோயிலுக்குப் போவும்." "பூ!" இப்படியே நாலு வார்த்தை சரியாகிவிட்டது, ஒன்றை விட்டுவிட்டார்கள். எட்டுக்கு எட்டு. கடைசி வார்த்தை திரையில் வந்தது.

'அப்பா.'

"நைனா..." என்று ஆரம்பித்தவள், திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. நைனா என்றால் அப்பா. தெலுங்கிலிருந்து வந்தது. அதே பொருள் தரும் வேற்றுமொழிச் சொல். நான்காவது விதி. ஆனால் அவள் குறிப்பாகவா சொன்னாள்? கூப்பிட்டாள். இதற்கு முன்னால் ஐந்து தடவை கூப்பிட்டபோது நான் அமுக்கவில்லையே. பெற்ற அப்பனை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? ஆனால் கேட்டவர் காதில் விழுந்துவிட்டதே. இப்படி நான் முழித்துக்கொண்டிருந்தபோதே அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "ஊர்ல மத்த பசங்கல்லாம் உன்ன மாதிரி ஆள இன்னான்னு கூப்புடும்?" என்று கேட்டாள்.

பெரியவர் யோசித்தார். "அப்பான்னு கூப்புடும்" என்றார்.

நேரம் முடிந்த மணி அடித்தது. மண்டபம் கூரை அதிரக் கத்தியது. மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் பொத்தானை அமுக்கவும் இல்லை, விரலை எடுக்கவும் இல்லை.

தொகுப்பாளர் முடிவை அறிவிக்க வாயெடுத்தபோது, அண்ணி கையை உயர்த்தினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? நாஷ்டாவுக்கு அமுக்கினீங்க. நைனாவுக்கு அமுக்கலியே?"

"அது... அந்தப் பொண்ணு கூப்பிட்டதும்மா. குறிப்பு இல்ல" என்றேன்.

"சரிங்க மேடம். அது வேணா அப்டியே இருக்கட்டும். அப்போ பேஜாருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பேஜாரு?"

"மொதல் ரவுண்டுல அந்தப் பெரியவரு தொல்லைக்குப் பேஜாருன்னுதானே சொன்னாரு? அதுவும் எங்க வூட்ல பேசற பாஷைதான் மேடம். நாஷ்டா எங்கேர்ந்து வந்துதோ அங்கேர்ந்துதான் பேஜாரும் வந்துது." அவள் குரல் ஏறவே இல்லை. "ஒண்ணு தப்புன்னா ரெண்டும் தப்பு. ஒண்ணு சரின்னா ரெண்டும் சரி. நீங்க எதச் சொன்னாலும் ஒத்துக்கறோம்."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். சின்னத் திரையில் பெரியவர் முகத்தைச் சுளிக்கிறார். "ஒரே பேஜாரு!" பக்கத்தில் இன்னொரு காமிரா எடுத்த என் முகம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பொத்தான் பக்கம் என் கை போகவே இல்லை. அவர் சொன்னது வேற்றுமொழி என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. ஏனென்றால் நானும் வீட்டில் தினமும் பேஜாரு என்றுதான் சொல்கிறேன். சரி, நாஷ்டா? அதையும்தான் சொல்கிறேன். அன்று காலையில்கூட, 'நாஷ்டா ரெடியா' என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

அப்படியானால் அந்தப் பெண் சொன்னபோது மட்டும் அது எப்படி எனக்கு உருதுவாகக் கேட்டது?

ஐந்து நிமிடம் கேட்டேன். பொறுப்பாளர் என்னை மணமகள் அறைக்குக் கூட்டிப்போனார். விதித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் கறாராகத் தள்ளினால், பேஜாரும் போகும், நைனாவும் போகும். அப்பா மகளுக்கு ஏழு, அண்ணி நாத்தனாருக்கு எட்டு. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் ஒன்பதுக்கு ஒன்பது. நான் செய்தது செய்தபடியே இருந்தால் அப்பாவும் மகளும் ஜெயிப்பார்கள். மூன்று தீர்ப்பு, மூன்று முடிவு. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விதி இருக்கிறது.

"மேடம், விட்டுடுங்க. நடுவர் தீர்ப்பே இறுதியானதுன்னு எட்டாவது விதியிருக்கு" என்றார் பொறுப்பாளர். "நாஷ்டாவுக்கு அமுக்கிட்டீங்க, முடிஞ்சுது. யாரும் கேக்க முடியாது."

"கேட்டுட்டாங்களே" என்றேன்.

அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றேன். அவள் சொன்ன சொல்லை நான் கேட்கவில்லை, அவள் முக்காட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கடையில் எத்தனை முறை பாத்திரம் வாங்கியிருக்கிறேன். ரம்ஜானுக்கு அவர்கள் தெருவிலிருந்து பிரியாணி வராத வருஷம் இல்லை. அது வேறு, இது வேறு போலிருக்கிறது.

வெளியே வந்து மைக்கை வாங்கினேன். "நாஷ்டாவுக்கு நான் அமுக்கினது தப்பு. நாம எல்லாருமே பேசற வார்த்தை அது. பேஜாரு செல்லும்னா நாஷ்டாவும் செல்லும். ரெண்டு பேருக்கும் ஒன்பது" என்றேன். கூட்டத்தில் பாதி கைதட்டியது, பாதி "ஏ..." என்று கத்தியது. மகளின் முகம் அப்படியே வாடியதைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்து ஐந்து நிமிடம் இருந்தவள் அவள்.

சமன் ஆனதால் ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை, இருபது விநாடி. முதல் சுற்றில் குறிப்பு சொன்னவர்களே சொல்ல வேண்டும். நாத்தனார் வந்து நின்றாள். வார்த்தை 'கண்ணாடி'. "தலை சீவறப்போ இதுல பாப்போம்" என்றாள். அண்ணி சொல்லிவிட்டாள்.

பெரியவர் வந்தார். திரையில் 'அறுவடை' என்று வந்தது.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வாழ்நாள் முழுக்க அவர் செய்யும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார், போட்டி இன்னொரு வார்த்தைக்குப் போகும் என்று நினைத்தேன்.

அவர், "நெல்லு அ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அறுக்கறது என்று சொல்ல வந்திருப்பார். அது வார்த்தையிலேயே இருப்பது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மறுபடி வாயைத் திறந்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முதல் சுற்றில் பயமே இல்லாமல் பேசிய அதே மனிதர். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் என் கையைப் பார்க்கிறார்.

"நைனா, சொல்லு! ஏதாச்சும் சொல்லு!" என்று மகள் கத்தினாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "மேடம், கதிருன்னு சொல்லலாங்களா?" என்று கேட்டார்.

சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நடுவர் பதில் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு விதி இருக்கிறதா என்று தாளைப் பார்த்தேன். தலையாட்டவாவது செய்திருக்கலாம். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மணி அடித்துவிட்டது.

அண்ணியும் நாத்தனாரும் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாத்தனார் சந்தோஷத்தில் அழுதாள். அண்ணி என்னிடம் வந்து, "தேங்க்ஸ் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் தகுதியானவள்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே மீன் பையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஒண்ணு கேக்கறேன். நைனான்றது தமிழ் இல்லீங்களா?"

"தமிழ்தாங்க. நாம பேசறதெல்லாம் தமிழ்தான்" என்றேன்.

"இல்ல, எங்க நைனாவையும் நான் அப்டித்தான் கூப்ட்டுக்கினு இருந்தேன். அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, மகள் நின்ற பக்கம் நடந்தார். என் பதிலை நம்பினாரா, மரியாதைக்குத் தலையாட்டினாரா என்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நூலகத்துக்கு வருபவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்தேன். அண்ணி கேட்ட கேள்வி அதில் இல்லை. நான் பொத்தானை அமுக்கியதும் இல்லை, தப்பு என்று ஒத்துக்கொண்டதும் இல்லை. நாஷ்டா என்று அவள் சொன்னதும் புள்ளி ஏறுகிறது. எல்லாமே ஒழுங்காக நடந்தது போல வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவ்வப்போது என் முகம் வந்தது. சிரிக்கிறேன், தலையாட்டுகிறேன். டிவியில் நான் குழம்பவே இல்லை. "கலக்கிட்டீங்க மேடம், தீர்ப்புன்னா அப்டி இருக்கணும்" என்று பலர் சொன்னார்கள். இல்லை என்று எத்தனை பேரிடம் விளக்குவது? முதல் இரண்டு பேரிடம் விளக்கினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் அந்த மகளைப் பார்த்தேன். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அவளே கிட்டே வந்து, "டிவில நல்லா கீந்தீங்க மேடம்" என்றாள்.

"எம்மேல கோவம் இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"கோவம் இல்லாம இன்னா மேடம்? ரெண்டு நாளு சோறே எறங்கல." ஒளிக்காமல் சொன்னாள். பிறகு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, "ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். அந்த அக்காவுக்கு நீங்க அமுக்கனீங்கல்ல, அப்பவே நைனா மைக்கைக் கையால மூடிக்கினு ஏங்கிட்ட சொன்னாரு. 'நம்ம பேஜாருக்கு அமுக்கல, அவுங்க நாஷ்டாவுக்கு மட்டும் அமுக்கறாங்களே, இன்னா நாயம்'னு. எழுந்து கேக்கறேன்னாரு. நான்தான் கையப் புடிச்சி உக்கார வச்சேன். சும்மா கெட நைனா, நமக்கு வண்டி வேணாவான்னேன்."

அவள் வாரைத் திருகுவதை நிறுத்தினாள்.

"வண்டி போனது கஷ்டந்தான் மேடம். நைனா பேசக்கூடாதுன்னு நான் புடிச்சேன் பாரு, அதான் இன்னும் ஒரு மாதிரியா கீது" என்றாள். அதற்குள் பெருநகர் வழியாகப் போகும் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு முட்டிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையாட்டினாள்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அன்று மேடையில் இருந்தவர்களில் யாருக்கு நியாயம் தெரிந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அண்ணிக்குத் தெரிந்திருந்தது. பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மகளுக்கும் தெரிந்திருந்தது. தமிழ் நன்றாகத் தெரியும் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்த எனக்குத்தான் தெரியவில்லை. தெரிந்த பிறகு நான் சொன்ன தீர்ப்பாவது சரியா என்று கேட்டால், அதற்கும் இன்றுவரை என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஆனால் யாராவது பேசும்போது 'இது தப்பு' என்று எனக்குச் சட்டென்று தோன்றினால், தப்பு அவர் சொன்னதில் இருக்கிறதா, சொன்னவரை நான் பார்க்கிற பார்வையில் இருக்கிறதா என்று இப்போதெல்லாம் ஒரு கணம் நின்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.